எந்நாளும் வடமேற்குக் காற்று

நோரம் பள்ளத்தாக்கு, விஸ்கான்சின்
ஞாயிறு, பிப்ரவரி 22, 1987

அன்புள்ள பால்மருக்கு,

ஆர்லிஸ் எழுதுவது. நானும் முப்பத்திரண்டு பசுக்களும் இந்தக் குளிரிலும் உயிரோடு இருக்கிறோம். உங்கள் முழங்கால் எப்படி இருக்கிறது? நெப்ராஸ்காக் காற்று அதை என்ன பாடு படுத்துகிறது? எட்டாம் வகுப்போடு நின்ற கை இது, எழுத்து கோணினால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஒரு விஷயம் சொல்லத்தான் உட்கார்ந்தேன். ஆனால் தண்ணீர்க் குழாயைப் பற்றி முதலில் சொல்லாவிட்டால் அது புரியாது. செவ்வாய்க்கிழமை தொழுவத்துக் குழாய் உறைந்துபோனது. பக்கத்துப் பண்ணைக் கிளாரன்ஸ் நெருப்பு விளக்கோடு வந்தார். வந்தவர் குழாயைப் பார்த்தாரா? இல்லை. அவர் மனைவி புதிதாக நீச்சல் கற்றுக்கொள்வதைப் பற்றி முக்கால் மணி நேரம் பேசினார். அந்த அம்மாளுக்கு வயது அறுபத்தாறு. நடுவில் திடீரென்று நிறுத்தி, "உன் நாய் ஒரு மரக்கிளைய இழுத்துட்டு வருது பாரு" என்றார். கிட்டே வந்ததும் தொப்பியைக் கழற்றிவிட்டார்.

"அடியம்மா, இது கிளை இல்ல. கொம்பு."

"கொம்புதானே. அதுக்கு ஏன் தொப்பியக் கழட்டுறீங்க?"

"பேராயர் சர்ச்சுக்குள்ள வந்தா கழட்டுறதில்லையா? மானுங்கள்ல இது பேராயரு."

இடப்பக்கத்துக் கொம்பு மட்டும். இந்தக் குளிர்காலம்தான் உதிர்ந்திருக்கிறது. ஆறு கிளை. அடிப்பக்கத்தை என் ஒரு கை வளைத்துப் பிடிக்க முடியவில்லை. நாய் விடமாட்டேன் என்றது, பன்றி எலும்பு கொடுத்து வாங்கினேன்.

என் தங்கை லவோன் இருந்த வரைக்கும் எல்லா நவம்பரிலும் அவளோடு வந்தீர்கள். அவள் போன பிறகு மூன்று நவம்பர் தனியாக வந்தீர்கள். போன நவம்பரில் வரவில்லை. அதனால்தான் இப்படி ஒருவன் இங்கே நடமாடியது யாருக்கும் தெரியாமல் போயிற்று. தெரிந்தால் உங்களுக்குப் பிடிக்கும் என்று எழுதினேன், வேறொன்றும் இல்லை.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஆர்லிஸ்


நார்த் பிளாட், நெப்ராஸ்கா
மார்ச் 15, 1987

அன்புள்ள ஆர்லிஸ்,

நான் நலம். நீங்களும் மாடுகளும் நலம் என்று தெரிந்ததில் சந்தோஷம். மழைக்கு ஒரு நாள் முன்னாலேயே முழங்கால் எனக்குச் சொல்லிவிடுகிறது. ரயில் தண்டவாள வேலைக்குழுவில் எல்லோரும் இப்போது வானொலியை விட்டுவிட்டு என் காலைத்தான் கேட்கிறார்கள்.

உண்மையைச் சொல்கிறேன். வேட்டையை விட்டுவிடலாம் என்று இருந்தேன். அரிசோனாவில் இருக்கும் என் அண்ணன் மகள் காரின் வாரம் தவறாமல் தொலைபேசியில் கூப்பிடுகிறாள். "சித்தப்பா, இங்க பனியே கிடையாது. பின்பக்கம் ஒரு அறை சும்மா கெடக்குது. அங்க யாருக்காக உக்காந்திருக்கீங்க?" என்கிறாள். துப்பாக்கியை உடன் வேலை செய்கிற ஒருவனுக்குக் கொடுப்பதாகக்கூடச் சொல்லிவிட்டேன். உங்கள் கடிதம் வந்த மறுநாள், தர முடியாது என்றேன். அவன் இப்போது மதியச் சாப்பாட்டுக்கு வேறு மேசையில் உட்காருகிறான்.

ஒரு பக்கம் ஆறு கிளை என்றால் அவனுக்கு ஐந்து வயதுக்குக் குறையாது. அப்படிப்பட்டவன் பலத்தால் பிழைப்பதில்லை. மனிதக் கால் படாத ஓர் இடம் அவனுக்கு இருக்கும். ஓடைக்கு அந்தப் பக்கம் இருக்கிற உங்கள் வில்லோ மரப் புதர்தான் அது. இன்றிலிருந்து நவம்பர் வரை அதற்குள் யாரும் போகக்கூடாது. நீங்களும் கூடாது, நாயும் கூடாது. டிராக்டர் சத்தம் அவனை ஒன்றும் செய்யாது, அதை அவன் பிறந்ததிலிருந்து கேட்கிறான். நடந்து வருகிற மனிதன்தான் அவனை ஊரைவிட்டு ஓட்டுவான். ஓடை ஓரமாக இரண்டு ஏக்கரில் குளோவர் தீவனப்புல் விதையுங்கள்.

முக்கியமாக, யாரிடமும் சொல்லாதீர்கள்.

பால்மர்


மே 10, 1987

அன்புள்ள பால்மருக்கு,

இங்கே சௌக்கியம். ஒரு கிழட்டுப் பசுவுக்கு மடிவீக்கம், அதைத் தவிரக் குறை இல்லை. உங்கள் கால் இந்த வாரம் என்ன வானிலை சொல்கிறது?

யாரிடமும் சொல்லாதே என்றீர்கள். உங்கள் கடிதம் வருவதற்குள் கிளாரன்ஸ் மூன்று ஊருக்குச் சொல்லிவிட்டார். வெள்ளிக்கிழமை மீன் சாப்பிட மதுக்கடைக்குப் போனேன். கோட்டைக்கூடக் கழற்றவில்லை, உள்ளே இருந்து ஒரு குரல்:

"ஏம்மா ஆர்லிஸ், உங்க பேராயர் லூத்தரனா, கத்தோலிக்கா?"

"கத்தோலிக்குதான். வெள்ளிக்கிழமை கறி தொடமாட்டாரு, மீன் திங்க இங்கதான் வருவாரு. நீங்க எல்லாரும் நாற்காலியவிட்டு எந்திரிக்காமக் காத்திருங்க" என்றேன். கடையே சிரித்தது. கிளாரன்ஸ் மட்டும் தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். வெளியே வந்ததும் பிடித்துக்கொண்டேன். "இனி வாயத் தொறந்தீங்க, நான் சுடுற ருபார்ப் பை பலகாரம் இந்த வருஷம் கெடையாது." அந்த மனிதருக்கு அந்தப் பலகாரம்தான் வேதம். இனித் திறக்கமாட்டார்.

குளோவர் போட்டாயிற்று. முளைத்திருக்கிறது. போன வாரம் ஒரு கிடாரி வேலி தாண்டி அந்தப் புதருக்குள் போய்விட்டது. நான் உள்ளே போகவில்லை. ஓடைக்கு இந்தப் பக்கம் நின்று தீவன வாளியைத் தட்டித் தட்டி இரண்டு மணி நேரம் கூப்பிட்டேன். தபால்காரர் வண்டியை நிறுத்தி, "என்னாச்சும்மா, உடம்பு ஏதாச்சும் சரியில்லையா?" என்று கேட்டுவிட்டுப் போனார்.

லவோன் போய் இந்த வியாழக்கிழமையோடு நாலு வருஷம். தோட்டத்து லைலாக் பூத்துவிட்டது. அவள் கல்லறையில் என் பெயரில் ஒரு கொத்து வைத்தேன், உங்கள் பெயரில் ஒன்று.

வேறு விசேஷம் இல்லை.

ஆர்லிஸ்


ஜூன் 14, 1987

அன்புள்ள ஆர்லிஸ்,

சுகம். பூவுக்கு நன்றி.

புதருக்கு வெளியே, தென்கிழக்கு மூலையில் ஒரு பெரிய ஓக் மரம் இருக்கிறதே, அதில் பரண் கட்டவேண்டும். ஜூலையிலேயே கட்டிவிடுங்கள். நவம்பருக்குள் அது மரத்தோடு மரமாக அவன் கண்ணுக்குப் பழகிவிடும். வடமேற்குக் காற்று அடிக்கிற நாளில் அவன் வாசனை என்னிடம் வரும், என் வாசனை அவனிடம் போகாது. வேறு எந்தக் காற்றிலும் அந்தப் பரணில் ஏறிப் பயனில்லை. ஆகவே அவனைப் பார்க்கிற ஒவ்வொரு தடவையும் தேதி, நேரம், காற்று மூன்றையும் எழுதி அனுப்புங்கள். எந்தக் காற்றில் அவன் வெளியே வருகிறான் என்று தெரிந்தால் பாதி வேட்டை முடிந்தது. அறுவடையில் ஓடைப் பக்கம் எட்டு வரிசைச் சோளத்தை வெட்டாமல் விடுங்கள்.

காரின் செப்டம்பரிலேயே சாமான்களோடு வந்துவிடச் சொன்னாள். நவம்பர் போகட்டும் என்று சொல்லிவிட்டேன். இந்த மான் இருப்பதால் வருகிறேன். இல்லாவிட்டால் பதினோரு மணி நேரம் வண்டி ஓட்டிக்கொண்டு அந்தப் பக்கம் வர எனக்கு இனி என்ன இருக்கிறது? நேராகத் தெற்கே போயிருப்பேன்.

பால்மர்


ஜூலை 19, 1987

அன்புள்ள பால்மருக்கு,

நலம்தானே? இங்கே வெயில் கொளுத்துகிறது. மாடுகள் மரத்தடியை விட்டு நகரமாட்டேன் என்கின்றன.

பார்த்துவிட்டேன்! கேட்டபடி எழுதுகிறேன். ஜூலை 8, மாலை எட்டேகால், தெற்குக் காற்று. ஜூலை 11, எட்டரை தாண்டி, காற்றே இல்லை. ஜூலை 14, விடிகாலை ஐந்து, கிழக்குக் காற்று, தூறல். உதிர்ந்த இடத்தில் முளைத்த புதுக் கொம்பு இன்னும் பட்டுத்தோல் மூடித்தான் இருக்கிறது, மொத்தம் பன்னிரண்டு கிளை. தனியாக இல்லை. கூடவே இன்னும் இரண்டு ஆண் மான், சின்னது. மூன்றும் கன்றுக்குட்டிகளைப்போல் ஒட்டிக்கொண்டு மேய்கின்றன. ஒன்று மற்றதன் காதை நக்குகிறது.

பரணும் கட்டியாயிற்று. கிளாரன்ஸ் ஏணியைப் பிடித்தார், நான்தான் ஏறினேன்.

"பொம்பளய மரத்துல ஏத்திட்டுக் கீழ நிக்குறேனேன்னு ஊரு சிரிக்கும்" என்றார்.

"நீங்க ஏறினா மரம் சிரிக்கும். புடிங்க ஒழுங்கா."

ஆணி அடித்து முடித்த பிறகும் நான் உடனே இறங்கவில்லை. நீங்கள் உட்காரப் போகிற பலகையில் கொஞ்ச நேரம் உட்கார்ந்து பார்த்தேன். உறுதியாக இருக்கிறதா என்று பார்க்கத்தான். உறுதியாக இருக்கிறது.

ஆர்லிஸ்


ஆகஸ்ட் 30, 1987
(இந்தக் கடிதம் தபாலில் சேரவில்லை)

அன்புள்ள பால்மருக்கு,

நலம் விசாரிக்க இன்று மனம் வரவில்லை. விடுப்பு கிடைத்துவிட்டது, நவம்பர் இருபதாம் தேதி மாலை வந்து சேருவேன் என்று நீங்கள் அனுப்பிய அட்டை அடுப்படிச் சுவரில் இருக்கிறது. அதைப் பார்த்துக்கொண்டே எழுதுகிறேன்.

பேராயர் போய்விட்டார்.

வியாழக்கிழமை காலை ஒரே மூடுபனி. பால் லாரி வளைவில் திரும்பும்போது டமார் என்று ஒரு சத்தம். வாளியைப் போட்டுவிட்டு ஓடினேன். டிரைவர் பையன் சாலையில் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தான். "நான் பாக்கவே இல்லம்மா, பனிக்குள்ளேர்ந்து அப்படியே வந்து நின்னுச்சு" என்கிறான். மான் துடிக்கக்கூட இல்லை. கண் திறந்திருந்தது. கொம்பின் பட்டுத்தோலில் பனித்துளி.

கிளாரன்ஸ் வந்தார். குனிந்து அந்தத் துளிகளைக் கையால் துடைத்தார். பிறகு, "கொம்பையாவது அறுத்து வெச்சிருப்போம் ஆர்லிஸ். பால்மர் பாக்கணும்" என்றார்.

"வேணாம்."

"ஏம்மா?"

"கொம்ப வீட்டுல வெச்சா, மான் செத்துப்போச்சுன்னு தெரிஞ்சிரும்."

அவர் என்னைப் பார்த்தார். அப்புறம் டிராக்டரை எடுத்துவந்தார். மேட்டு நிலத்து ஓரத்தில் ஆழமாகத் தோண்டி, கொம்போடு புதைத்தோம்.

இதை எழுதி முடித்துவிட்டேன். உறைமேல் முகவரியும் எழுதிவிட்டேன். ஆனால் இது உங்கள் கைக்கு வந்தால், நவம்பரில் நீங்கள் நேராகத் தெற்கே போவீர்கள். பிறகு எந்த நவம்பரிலும் வரமாட்டீர்கள். அது எனக்கு


செப்டம்பர் 20, 1987

அன்புள்ள பால்மருக்கு,

எல்லோரும் நலம். பதில் எழுதத் தாமதமாயிற்று, சோளம், தீவனம், சைலோக் கிடங்கு என்று வேலை கழுத்துவரை. உங்கள் முழங்காலுக்கு வெந்நீர் ஒத்தடம் கொடுக்கிறீர்களா?

பேராயரும் சௌக்கியம். செப்டம்பர் 3, மாலை நாலரை, வடமேற்குக் காற்று. செப்டம்பர் 7, நாலரை, வடமேற்கு. 12, நாலரை, வடமேற்கு. 16, நாலரைக்குக் கொஞ்சம் முன்னால், வடமேற்கு. சொல்லிவைத்தாற்போல் குளோவர் நிலத்துக்கு வந்துவிடுகிறார். இரண்டு சிநேகிதர்களும் கூடவே.

நீங்கள் சொன்னபடி புதருக்குள் ஒரு கால் படவில்லை. எட்டு வரிசைச் சோளம் அப்படியே நிற்கும், கவலை வேண்டாம்.

அரிசோனாவில் செப்டம்பரில்கூட ரோட்டில் முட்டை பொரிக்கலாம் என்று பத்திரிகையில் படித்தேன். சும்மா எழுதினேன்.

ஆர்லிஸ்


அக்டோபர் 18, 1987

அன்புள்ள ஆர்லிஸ்,

நான் சுகம். பதில் எழுத நாலு வாரம் ஆகிவிட்டது, மன்னிக்கவேண்டும். வேலை ஒன்றும் அதிகம் இல்லை. பேனாவை எடுப்பதும் வைப்பதுமாக இருந்தேன்.

மூன்றும் இன்னும் சேர்ந்தே மேய்கின்றன என்று எழுதியிருந்தீர்கள். நல்லது. மேலும் எழுதுங்கள். காற்றையும் எழுதுங்கள். மான் வராத நாட்களிலும் எழுதலாம். அன்று நீங்கள் என்ன சமைத்தீர்கள், கிளாரன்ஸ் என்ன உளறினார், அந்தக் கிழட்டுப் பசுவின் மடி ஆறிவிட்டதா, எதுவானாலும் எழுதுங்கள்.

நவம்பர் இருபதாம் தேதி வருகிறேன். அதில் மாற்றம் இல்லை.

பால்மர்


நவம்பர் 8, 1987

அன்புள்ள பால்மருக்கு,

இன்னும் பன்னிரண்டு நாள். வழியில் பனி இருந்தால் வேகமாக ஓட்டாதீர்கள். இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தரம் நிறுத்திக் காலை நீட்டுங்கள்.

எழுதச் சொன்னீர்கள், எழுதுகிறேன். அக்டோபர் 24, நாலரை, வடமேற்கு. 29, நாலரை, வடமேற்கு. நவம்பர் 4, நாலரை, வடமேற்கு, லேசான பனித்தூவல். பேராயர் நடுவில், அந்த இரண்டும் இரண்டு பக்கத்தில். ஒன்றை விட்டு ஒன்று இருக்கமாட்டேன் என்கின்றன. பார்க்கவே நன்றாக இருக்கிறது.

பசுவின் மடி ஆறிவிட்டது. கிளாரன்ஸின் மனைவி நீச்சலில் பதக்கம் வாங்கிவிட்டார், ஆறு பேர் போட்டி, ஆறு பேருக்கும் பதக்கம். கிளாரன்ஸ் அதைத் தன் தொப்பியில் குத்திக்கொண்டு அலைகிறார்.

மாடி அறையைத் திறந்து காற்றாட விட்டிருக்கிறேன். இங்கே விட்டுப்போன உங்கள் ஆரஞ்சு நிறக் கோட்டை, மான் மோப்பம் பிடிக்காமல் இருக்க, சமையல் சோடாவில் துவைத்து ஓக் இலைகளோடு பையில் கட்டிவைக்கும்படி ஆகஸ்ட் அட்டையில் சொல்லியிருந்தீர்கள். மூன்று வாரமாகத் தள்ளிப்போட்டேன். காரணம் ஒன்றும் இல்லை. நேற்றுத் துவைத்துவிட்டேன். இப்போது அதில் எந்த வாசனையும் இல்லை.

நன்றி அறிதல் நாளுக்கு வான்கோழியும் லெஃப்சே ரொட்டியும் செய்கிறேன். உருளைக்கிழங்கு இந்த வருஷம் நல்ல விளைச்சல்.

ஆர்லிஸ்


டிசம்பர் 6, 1987

அன்புள்ள பால்மருக்கு,

பத்திரமாகப் போய்ச் சேர்ந்த செய்தி கிடைத்தது. இருமல் தணிந்ததா? வேட்டை சீசன் ஒன்பது நாளும் மரத்தின்மேல் உட்கார்ந்தால் யாருக்கும் இருமல்தான் வரும்.

இதை நீங்கள் இங்கே இருக்கும்போதே சொல்லியிருக்கவேண்டும். ஒன்பது நாளில் ஒன்பது தரம் வாயைத் திறந்தேன். ஒவ்வொரு தரமும், "இன்னும் கொஞ்சம் காபி ஊத்தட்டுமா?" என்றுதான் வந்தது. நீங்களும் வேண்டாம் என்று ஒரு தரம்கூடச் சொல்லவில்லை.

பேராயர் ஆகஸ்டு மாதமே செத்துவிட்டார். பால் லாரியில் அடிபட்டு. மேட்டு நிலத்தில் புதைத்திருக்கிறேன். செப்டம்பரிலிருந்து நான் எழுதியது எல்லாம் பொய். அந்த நாலரை மணி பொய், காற்று பொய். ஒரு சாதுவான மனிதரை இல்லாத மானுக்காகக் குளிரில் உட்காரவைத்தேன்.

முதல் நாள் நீங்கள் பரணுக்குக் கிளம்பிப் போன பிறகு கிளாரன்ஸ் பின்கட்டுக்கு வந்தார். "ஏம்மா, அந்த மனுசன் ஒம்போது நாளும் மேல உக்காந்து எதப் பாப்பாரு?"

"எதையாச்சும் பாக்கட்டும்."

"எனக்கு ருபார்ப் பை வேணாம், ஒண்ணும் வேணாம். நானே போயிச் சொல்லிடவா?"

"சொன்னா அவரு நாளைக்கே கெளம்பிடுவாரு கிளாரன்ஸ்."

அவர் அழுக்குக் கைக்குட்டையை எடுத்து மூக்கைச் சிந்திக்கொண்டு போய்விட்டார். கடைசிவரை வாயைத் திறக்கவில்லை.

மத்தியானச் சூப்பை நானே பரணடிக்குக் கொண்டுவந்தேனே, ஒரு நாளாவது, 'இங்கே நடக்காதே, மான் ஓடிவிடும்' என்று நீங்கள் திட்டுவீர்கள் என்று எதிர்பார்த்தேன். திட்டியிருந்தால் அங்கேயே அழுது சொல்லியிருப்பேன். நீங்கள் ஏணியில் பாதி இறங்கி வந்து கிண்ணத்தை வாங்கிக்கொண்டு, "பார்லி போட்டிருக்கீங்களா?" என்றுதான் கேட்டீர்கள்.

கடைசி நாள் கோட்டைக் கையில் எடுத்துக்கொண்டு கிளம்பினீர்கள். எப்போதும் இங்கே விட்டுப்போவீர்கள். ஆணி காலியாக இருக்கிறது.

ஏன் பொய் சொன்னேன் என்று கேட்பீர்கள். என் தங்கை புருஷனுக்கு நான் எழுதக்கூடிய காரணம் எதுவும் அகப்படவில்லை. அகப்பட்டதை எழுதவும் முடியவில்லை. மன்னிக்க முடிந்தால் மன்னியுங்கள். அரிசோனாவில் வெயில் நன்றாக இருக்கட்டும்.

ஆர்லிஸ்


ஜனவரி 10, 1988

அன்புள்ள ஆர்லிஸ்,

இருமல் போய்விட்டது. நீங்கள் எப்படி இருக்கிறீர்கள்? ஐந்து வாரம் உங்களைக் காக்கவைத்துவிட்டேன். நாலு கடிதம் எழுதிக் கிழித்தேன். தண்டவாளத்தில் ஆணி அடிக்கிற கைக்கு இந்த வேலை பழக்கம் இல்லை.

எனக்குத் தெரியும்.

செப்டம்பர்க் கடிதத்தை வேலையிடத்து உணவறையில் உட்கார்ந்து மூன்று தரம் படித்தேன். ஆண் மான்கள் கோடையில்தான் கூட்டாளிகள். கொம்பின் பட்டுத்தோல் உரிந்த நாளிலிருந்து ஒன்றுக்கொன்று ஆகாது. இலையுதிர் காலத்தில் ஒரு கிழ மான் இன்னொன்றைப் பக்கத்தில் நிற்கவே விடாது, இரண்டு பக்கமும் காவல் வைத்துக்கொண்டு மேயாது. பட்டப்பகலில் மணி அடித்தாற்போல் தினமும் வெளியே வரவும் வராது. நாலரை மணிக்குத் தவறாமல் வருவது கறவை மாடு. நீங்கள் உங்களுக்குத் தெரிந்த பிராணியை எழுதிவிட்டீர்கள்.

சரி, வேறு ஏதோ மானைப் பார்த்து ஏமாந்திருப்பீர்கள் என்று முதலில் நினைத்தேன். பிறகு காற்றைப் பார்த்தேன். ஜூலையில் தெற்கு, கிழக்கு, காற்றே இல்லை என்று நேர்மையாக எழுதிய ஆள், செப்டம்பரில் ஒரே ஒரு காற்றைத்தான் எழுதுகிறாள். எப்போதும் வடமேற்கு. இந்தப் பூமியில் எந்த ஊரில் இரண்டு வாரம் ஒரே பக்கத்திலிருந்து காற்று அடிக்கும்? நான் ஒரு மானைச் சுடுகிற வாய்ப்பைக் கூட்டுவதற்காக இத்தனை வருஷம் என்னென்னவோ செய்திருக்கிறேன். எனக்காகக் காற்றையே திருப்பிவைத்த மனுஷியை இதுவரை பார்த்ததில்லை.

அதற்குப் பிறகு நாலு வாரம் பேனா ஓடவில்லை. மான் இல்லை என்று தெரிந்தும் ஏன் எனக்கு அங்கே போகவேண்டும் என்று இருக்கிறது என்பதுதான் பிடிபடவில்லை. பிடிபட்டபோது பயமாக இருந்தது. லவோனை நினைத்துத்தான். உங்களுக்கும் அதே பயம் என்று இப்போது தெரிகிறது.

ஒன்பது நாளும் துப்பாக்கியில் தோட்டா இல்லை. மூன்றாம் நாளிலிருந்து நான் புதர்ப் பக்கமும் பார்க்கவில்லை. பலகையில் திரும்பி உட்கார்ந்தால் தொழுவத்துக் கதவு தெரியும். நீங்கள் வாளியோடு போவதும் வருவதும் தெரியும். ஒரு நாள் மாட்டைத் திட்டிவிட்டு அதன் நெற்றியில் முத்தமிட்டீர்கள். யாரும் பார்க்கவில்லை என்று நினைத்திருப்பீர்கள்.

கோட்டை ஏன் எடுத்துப் போனேன் என்றால், நானே சொல்லித்தான் நீங்கள் துவைத்தீர்கள் என்றாலும், ஒன்பது இரவும் அது உங்கள் அடுப்படி ஆணியில் தொங்கியிருந்தது. இப்போது அதில் காபியும் தொழுவமும் விறகுப் புகையும் மணக்கிறது. வேட்டைக்கு இனி அது உதவாது.

காரினுக்கு எழுதிவிட்டேன், வரவில்லை என்று. "சித்தப்பா, அங்க யாரு இருக்காங்க?" என்று கேட்டாள். பதில் சொல்வதற்கு முன்னால் உங்களைக் கேட்கவேண்டும் அல்லவா?

ஜனவரியில் எந்த மானுக்கும் உரிமம் கிடையாது. பரணில் ஏறினால் பிடித்துப் போவார்கள். சொல்லிக்கொள்ள எந்தச் சாக்கும் இல்லாத மாதம் இது. இப்போது வந்தால் என்னை உள்ளே விடுவீர்களா?

பால்மர்


ஜனவரி 17, 1988

அன்புள்ள பால்மர்,

சுகம், சுகம், சுகம். இனி விசாரிக்க வேண்டியதை நேரில் விசாரிக்கிறேன்.

லவோனைப் பற்றி நாம் பேசாமல் இருக்க முடியாது. ஒன்பது நாள் அவள் நாற்காலியை நடுவில் வைத்துக்கொண்டு இரண்டு பேரும் உப்பு எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தோம். அவள் இருந்திருந்தால் இரண்டு பேரையும் உதைத்திருப்பாள். நீங்கள் வந்து, சாப்பிட்டு, காலை நீட்டி உட்கார்ந்த பிறகு முதலில் அவளைப் பற்றித்தான் பேசவேண்டும். அழுகை வந்தால் அழுவோம். அதற்குப் பிறகு மற்றது.

சர்ச்சில் பேசுவார்கள். கிளாரன்ஸிடம் இன்று காலை நானே சொன்னேன், நீங்கள் வரக்கூடும் என்று. "எதுக்கு? இப்ப என்ன சீசன்?" என்றார். "சீசன் ஒண்ணும் இல்ல" என்றேன். அந்த மனிதர் மறுபடியும் தொப்பியைக் கழற்றிவிட்டார், பதக்கத்தோடு. நாளைக்குள் மூன்று ஊருக்கும் தெரிந்துவிடும், தெரியட்டும்.

நேற்று இரண்டடிப் பனி விழுந்தது. வழக்கமாகப் பால் லாரி திரும்புகிற அளவுக்குத்தான் டிராக்டரால் தள்ளுவேன். இன்று கொட்டகை ஓரம்வரை தள்ளியிருக்கிறேன், இன்னொரு வண்டி நிற்கிற அகலத்துக்கு. மறுபடி விழுந்தால் மறுபடி தள்ளுவேன்.

மான் இல்லை. வாருங்கள்.

ஆர்லிஸ்